புள்ளியியல் வரைகலை மென்பொருள்களில் நினைவகக் கசிவைக் கண்டறிதல்: ஆர், மேட்பிளாட்லிப் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

புள்ளியியல் வரைபடங்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கும் நிரல்கள் நினைவகம் போதாமல் இடைவழியில் நின்றுவிடுவதுண்டு. இந்நிலை 'நினைவகக் கசிவு' என ஒரே பெயரால் சுட்டப்பட்டாலும் அதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உள்ளன. வரைபடப் பணியில் பயனர் முதலில் ஐயுற வேண்டியது தொலைந்துபோன நினைவகத்தை அன்று. விடுவிக்கப்படாமல் பற்றிவைக்கப்பட்ட நினைவகத்தையே என்பதையும், வளர்ச்சியின் அளவைக் கொண்டே அதைப் பற்றியிருப்பது எதுவெனப் பெரும்பாலும் அறியலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நினைவகக் கசிவு, ஆர் நிரல்மொழி, ஜிஜிபிளாட்2, மேட்பிளாட்லிப், குப்பைத் திரட்டி, பூட்ஸ்ட்ராப், மறுநிகழ்த்தல்

1. முன்னுரை

பூட்ஸ்ட்ராப் முறையில் ஆயிரம் மறுமாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர்புப்போக்குக் கோட்டை வரைந்து, படக்கோப்பாகச் சேமிக்கும் நிரலை ஆய்வாளர் ஒருவர் இரவில் இயக்கிவிட்டுச் செல்வதாகக் கொள்ளலாம். காலையில் அறுநூற்றுச் சொச்சம் படங்களே உள்ளன. நிரல் நின்றுவிட்டது, பிழைச்செய்தி எதுவும் இல்லை. லினக்ஸ் முறைமையில் நினைவகம் தீர்ந்துபோகும்போது, மிகுதியாக இடம் பிடித்திருக்கும் நிரலைக் கருநிரலே நிறுத்திவிடுகிறது. நிறுத்தப்பட்ட நிரலுக்குத் தன் தரப்பைப் பதிவுசெய்யும் வாய்ப்புக்கூடக் கிடைப்பதில்லை.

அடுத்து நிகழ்வதுதான் கவனத்திற்குரியது. மறுமாதிரிகளின் எண்ணிக்கை ஆயிரத்திலிருந்து ஐந்நூறாகக் குறைக்கப்படுகிறது. அல்லது தரவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வரையப்படுகிறது. ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் 'ஐந்நூறு மறுமாதிரிகள்' என்ற எண் இடம்பெறும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது இடம்பெறாது. இவ்வாறு மென்பொருளின் ஒரு குறை, எவரும் அறியாமல், புள்ளியியல் முடிவாக உருமாறிவிடுகிறது. நினைவகக் கசிவைக் கண்டறிவது கணினிப் பொறியாளரின் பணி என ஒதுக்கிவிட முடியாமைக்குக் காரணம் இதுவே.

2. 'கசிவு' என்னும் சொல் பற்றி

ஆங்கில வழக்கைத் தழுவித் தமிழில் நிலைபெற்றுவிட்ட 'கசிவு' என்னும் கலைச்சொல் ஓரளவு திசைதிருப்பக்கூடியது. பானை கசிந்தால் உள்ளிருப்பது வெளியே போகிறது. நினைவகத்தில் நிகழ்வதோ இதற்கு மாறானது: வெளியேற வேண்டியது உள்ளேயே தங்கிவிடுகிறது. ஏரி தூர்ந்துபோவதே இதற்கு நெருக்கமான ஒப்புமை. கரை உடையவில்லை, மதகும் பழுதுபடவில்லை. ஆயினும் படிந்த வண்டலால் கொள்ளளவு குறைந்துகொண்டே வருகிறது. வழக்கில் உள்ள சொல்லே இக்கட்டுரையிலும் ஆளப்படுகிறது. எனினும் அச்சொல் ஓட்டையைத் தேடச் சொல்கிறது. தேட வேண்டியதோ பிடியை என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

3. வளர்ச்சியின் மூன்று வகைகள்

ஒரு நிரல் பிடித்திருக்கும் இடம் ஏறிக்கொண்டே போவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, சொல்லின் கண்டிப்பான பொருளில் கசிவு. சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்ட பகுதி நினைவகத்தைக் கேட்டுப் பெற்று, திருப்பித் தராமலே அதன் முகவரியைத் தொலைத்துவிடுகிறது. அந்த இடத்தை இனி எவராலும் அடைய முடியாது. நிரல் முடியும்வரை அது வீணே.

இரண்டாவது, பற்றிவைத்தல். ஆர், பைத்தான் போன்ற மொழிகளில் நினைவகத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு நிரலாளருக்கு இல்லை. கார்பேஜ் கலெக்டர் எனப்படும் குப்பைத் திரட்டி அதைச் செய்கிறது. லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி வகுத்து 1960இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய கருத்து இது. நிரலின் வேர்களிலிருந்து சுட்டுகளின் வழியே சென்று அடைய முடியாதவற்றை மட்டுமே திரட்டி அகற்றும். 'அடைய முடியாதது' என்பதும் 'தேவைப்படாதது' என்பதும் ஒன்றல்ல. ஆய்வாளர் மறந்துவிட்ட ஒரு வரைபடத்தை எங்கோ ஒரு பட்டியல் சுட்டிக்கொண்டிருந்தால், திரட்டியின் பார்வையில் அது உயிருள்ளதே.

மூன்றாவது கசிவே அன்று. ஆர் மொழியின் திரட்டி, தரவுப்பொருள்களை இடம் மாற்றி அடுக்குவதில்லை. 128 பைட்டு வரையிலான சிறு திசையன்கள் பக்கம் பக்கமாகத் தொகுத்து வைக்கப்படுகின்றன. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு திசையன் உயிருடன் இருந்தாலும் முழுப்பக்கமும் இயக்க முறைமைக்குத் திரும்பாது. இதனால் நிரலின் வெளித்தோற்ற அளவு அதன் உச்சத்திலேயே நிற்கக்கூடும். அடுத்த வரைபடம் அதே இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதால் தீங்கில்லை. இதைக் கசிவெனக் கருதிப் பல நாள்களை வீணாக்குவோர் உண்டு.

இம்மூன்றையும் பிரித்தறிய இரண்டு எண்கள் போதும். ஒன்று, ஆர் மொழியின் ஜிசி கட்டளை திரட்டலை முடித்தபின் தரும் 'பயன்பாட்டில் உள்ள' அளவு. மற்றொன்று, அந்நிரலுக்கு இயக்க முறைமை காட்டும் உறைவிட அளவு. ஐம்பது படங்களுக்கு ஒருமுறை இரண்டையும் குறித்துவர வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் பற்றிவைத்தல். முதல் எண் சமமாக நிற்க, இரண்டாவது மட்டும் முடிவின்றி ஏறினால் சி அடுக்கை ஐயுறலாம். இரண்டாவது ஓரளவு ஏறிப் பின் சமநிலை அடைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஜிசி கட்டளையை வெளிப்படையாக அழைத்த பின்னரே அளக்க வேண்டும். இல்லையேல், திரட்டி தானாக இயங்கும் நேரங்களுக்கேற்ப அளவு ஏறி இறங்கும் மரப்பல் கோடு கிடைக்குமேயன்றி உண்மையான சாய்வு கிடைக்காது.

4. அளவே தடயம்

எந்தச் சிறப்புக் கருவியையும் நாடுவதற்கு முன்பே செய்யத்தக்க ஒரு கணக்கு உண்டு. 100, 200, 400 எனப் படங்களின் எண்ணிக்கையை மாற்றி இயக்கி, ஒரு படத்துக்கு எவ்வளவு இடம் கூடுகிறது என்னும் சாய்வைக் காண வேண்டும். எழுத்துருக்கள், நிரலகங்கள் முதலியன ஏற்றப்படுவதால் முதற்சில படங்களில் நிகழும் ஏற்றம் ஒருமுறை நிகழ்வது. அது வெட்டுத்துண்டில் சேருமேயன்றிச் சாய்வில் சேராது.

சாய்வின் மதிப்பு பெரும்பாலும் தன் அடையாளத்தைத் தானே சொல்லிவிடும். 10 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் செறிவில் வரைந்தால் 3000 × 2400, அதாவது 72 இலட்சம் படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட்டு எனில் 28.8 மெகாபைட்டு. படத்துக்கு ஏறத்தாழ 29 மெகாபைட்டு கூடுகிறதெனில், படப்புள்ளிப் பரப்பு விடுவிக்கப்படவில்லை என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. பத்து இலட்சம் புள்ளிகளைக் கொண்ட சிதறல் வரைபடத்தில் இரு ஆயத்தொலைவுகளும் எட்டு எட்டு பைட்டாக 16 மெகாபைட்டு பிடிக்கும். சாய்வு இதை ஒட்டியிருந்தால் ஆயத்தொலைவுகளின் படி ஒன்று எங்கோ சேர்ந்துகொண்டிருக்கிறது. 50 இலட்சம் வரிசைகளும் 4 எண் நிரல்களும் கொண்ட மூலத்தரவு 160 மெகாபைட்டு. வரையப்பட்டது பன்னிரண்டே பட்டைகள் கொண்ட சிறு பட்டை வரைபடமாக இருந்தும் சாய்வு 160 மெகாபைட்டாக இருப்பின், படத்துடன் மூலத்தரவும் தங்கிவிட்டது என்பதே பொருள்.

இந்த ஊகத்தைச் சோதனையால் உறுதிப்படுத்தலாம். செறிவை 300இலிருந்து 150ஆகக் குறைக்கும்போது சாய்வு நான்கில் ஒன்றாகச் சுருங்கினால் படப்புள்ளிப் பரப்பே காரணம். புள்ளிகளை இருமடங்காக்கும்போது சாய்வும் இருமடங்கானால் ஆயத்தொலைவுகள். இரண்டுக்கும் அசையாமல், மூலத்தரவின் வரிசைகளுக்கு மட்டும் அசைந்தால் அடுத்த பகுதியில் விளக்கப்படும் சூழல். ஒரு காரணியை மாற்றிப் பிறவற்றை நிலையாக வைக்கும் இந்த முறை புள்ளியியலாளருக்குப் புதிதன்று. வயல்வெளிச் சோதனையில் கட்டுப்பாட்டுப் பாத்தி இன்றி ஒரு முடிவையும் ஏற்காதவர்கள், மென்பொருளென்று வந்ததும் ஊகத்தின் பேரில் வரிகளை அழித்தும் சேர்த்தும் பார்ப்பது வியப்புக்குரியதே.

5. ஆர்: சூழலைப் பற்றிக்கொள்ளும் வரைபடம்

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1996இல் ஆர் மொழியை அறிமுகப்படுத்தியபோது, தோற்றத்தில் எஸ் மொழியையும் உள்ளமைப்பில் ஸ்கீம் மொழியையும் பின்பற்றினர். ஸ்கீமிடமிருந்து பெற்றவற்றுள் முதன்மையானது சொல்லிடவரம்பு: ஒரு செயற்கூறு தான் பிறந்த சூழலை, அதாவது அங்கிருந்த மாறிகள் அனைத்தையும், உடன்கொண்டு செல்லும். எஸ் மொழி தரவுப்பொருள்களைத் தனித்தனிக் கோப்புகளாக வட்டில் வைத்தது. ஆர் அவற்றை நினைவகத்தில் வைக்கிறது. இவ்விரு தெரிவுகளும் சேர்ந்தே இன்றைய இடரின் விளைநிலமாயின.

ஜிஜிபிளாட்2 தொகுப்பில் ஒரு வரைபடம் உருவாகும்போது, அது உருவாக்கப்பட்ட சூழலின் சுட்டும் வரைபடத்துக்குள் 'பிளாட் என்வ்' என்னும் உறுப்பாகச் சேமிக்கப்படுகிறது. நிரல்களின் பெயரை அச்சுகளுக்கு ஒதுக்கும் கூற்றுகளும் தத்தம் சூழலை உடன்கொண்டவை. பயனர் எழுதிய பெயர் தரவில் இல்லையெனில் அதைச் சுற்றுச்சூழலில் தேடுவதற்கான வசதி இது. அந்த வசதியின் விலையைப் பின்வரும் எடுத்துக்காட்டு காட்டும். ஒரு செயற்கூறு மேற்சொன்ன 160 மெகாபைட்டுத் தரவைப் படிக்கிறது. பன்னிரண்டு மாதச் சராசரிகளாகச் சுருக்குகிறது. சுருக்கத்தை வரைபடமாக்கித் திருப்பித் தருகிறது. வரைபடத்தின் தரவு பன்னிரண்டே வரிசைகள். ஆனால் அது பற்றியிருக்கும் சூழலில் மூலத்தரவின் மாறி இன்னும் உயிருடன் உள்ளது. இவ்வாறு 40 கோப்புகளுக்கு 40 வரைபடங்களை ஒரு பட்டியலில் சேர்த்தால் 6.4 கிகாபைட்டு.

இதைக் காணாமல் போவதற்கு ஆர் மொழியின் அளவைக் கட்டளையும் ஒரு காரணம். ஆப்ஜெக்ட்.சைஸ் கட்டளை சூழல்களுக்குள் நுழைந்து எண்ணுவதில்லை. மேற்கண்ட வரைபடத்துக்கு அது மிகச் சிறிய அளவையே காட்டும். லாப்ஸ்டர் தொகுப்பின் அளவைச் செயற்கூறு சூழல்களையும் கணக்கில் கொள்கிறது. கூடுதல் தொகுப்பு எதுவும் இல்லாத இடத்தில், வரைபடத்தை சீரியலைஸ் கட்டளையால் பைட்டுத் தொடராக்கி அதன் நீளத்தைப் பார்க்கலாம். முழுமைச் சூழலும் தொகுப்புகளின் பெயர்வெளிகளும் அதில் சேரா. செயற்கூற்றின் உள்சூழல் சேரும். சேமித்த வரைபடக் கோப்பு எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக இருப்பதற்கும் காரணம் இதுவே. அத்தகைய கோப்பைப் பிறருக்கு அனுப்பும்போது, மறைக்கப்பட வேண்டிய மூலத்தரவும் உடன் செல்லக்கூடும் என்பதை மருத்துவ, சமூகவியல் ஆய்வாளர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு எளிது. மூலத்தரவின் மாறியைச் செயற்கூறு முடியும் முன்பே ஆர்எம் கட்டளையால் நீக்கலாம். அதைவிடச் சிறந்தது, சுருக்கத்தை மட்டும் பெற்று வரைபடம் ஆக்கும் தனிச் செயற்கூறு ஒன்றை எழுதுவது. இங்கும் ஒரு கண்ணி உண்டு: அத்தனிச் செயற்கூற்றைப் பெரிய செயற்கூற்றின் உள்ளேயே வரையறுத்தால், அதன் புறச்சூழலாக மீண்டும் பெரிய சூழலே அமைந்துவிடும். எனவே அது நிரலின் மேல்மட்டத்தில் வரையறுக்கப்பட வேண்டும். தொடர்புப்போக்கு மாதிரியத்தைப் பொருத்தும் எல்எம் கட்டளையின் விளைவும் இத்தகையதே. வாய்பாட்டில் உள்ள அலைக்குறி, தான் எழுதப்பட்ட சூழலைப் பற்றிக்கொள்கிறது.

சந்தேகத்துக்குரிய சூழல் உண்மையில் விடுவிக்கப்பட்டதா என்பதை நேரடியாகவும் சோதிக்கலாம். ரெஜ்.ஃபைனலைசர் என்னும் கட்டளை, ஒரு சூழல் திரட்டப்படும் வேளையில் குறிப்பிட்ட செயற்கூற்றை இயக்கும். 'இச்சூழல் விடுபட்டது' என அச்சிடும் ஒரு வரியை அதில் எழுதி, வரைபடத்தை நீக்கியபின் ஜிசி கட்டளையை அழைத்தால் போதும். செய்தி வரவில்லையெனில் எவரோ இன்னும் பிடித்திருக்கிறார்.

வரைசாதனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். படக்கோப்புச் சாதனம் திறந்தபின், டெவ்.ஆஃப் கட்டளைக்கு முன் பிழை நேர்ந்தால் சாதனம் திறந்தபடியே நிற்கும். ஆர் ஒரே வேளையில் 63 சாதனங்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆகவே இக்குறை விரைவில் தன்னைக் காட்டிக்கொள்ளும். மூடும் கட்டளையை ஆன்.எக்ஸிட் வழியே முன்கூட்டியே பதிவுசெய்வது தீர்வு. திரைச்சாதனங்கள், சாளரத்தின் அளவு மாறும்போது மீண்டும் வரைவதற்காக, வரைந்த செயல்கள் அனைத்தையும் காட்சிப்பட்டியலாக வைத்திருக்கின்றன. கோப்புச் சாதனங்களில் இப்பட்டியல் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும். பதிவுசெய்த வரைபடங்களின் வரலாற்றை விண்டோஸ் பதிப்பு, பணிவெளியில் புள்ளியில் தொடங்கும் பெயருடைய ஒரு மாறியில் வைக்கிறது. அத்தகைய பெயர்கள் வழக்கமான பட்டியலில் தோன்றா. பணிவெளியைச் சேமித்தால் வரலாறும் சேர்ந்தே சேமிக்கப்படும்.

6. மேட்பிளாட்லிப்: பதிவேட்டில் தங்கும் படங்கள்

ஜான் ஹன்டர் உருவாக்கிய மேட்பிளாட்லிப் நிரலகத்தில் பிடியின் வடிவம் வேறு. அதன் பைபிளாட் இடைமுகம், திறக்கப்பட்ட ஒவ்வொரு படத்தையும் ஓர் உள்பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. பயனர் தம் மாறியை அழித்தாலும் பதிவேட்டின் சுட்டு எஞ்சியிருக்கும். படத்தைத் துடைக்கும் கட்டளை உள்ளடக்கத்தை மட்டுமே நீக்கும். மூடும் கட்டளையே பதிவேட்டிலிருந்து எடுக்கும். இருபது படங்களுக்கு மேல் திறந்திருந்தால் நிரலகமே எச்சரிக்கை விடுக்கிறது. அந்த எச்சரிக்கையை அடக்கிவைக்கும் அமைப்பு மாற்றத்தைத் தீர்வெனக் கொள்வது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்றது.

படம், அச்சு, கோடு ஆகியன ஒன்றையொன்று சுட்டுவதால் வட்டச் சுட்டுகள் உண்டாகின்றன. சுட்டுகளின் எண்ணிக்கை சுழியாகும் கணமே விடுவிக்கும் பைத்தானின் முதன்மை முறை இவற்றைத் தீண்டாது. வட்டங்களைத் தேடும் துணைத்திரட்டி வரும்வரை அவை காத்திருக்கும். மூடிய படத்துக்கு வீக்ரெஃப் என்னும் வலுவற்ற சுட்டு ஒன்றை வைத்து, திரட்டியை அழைத்தபின் அது வெறுமையாகிறதா என்று பார்ப்பது, ஆர் மொழியில் சொன்ன சோதனைக்கு இணையானது. பைத்தான் 3.4 முதல் உடன்வரும் டிரேஸ்மாலக், எந்த வரியில் எவ்வளவு நினைவகம் பெறப்பட்டது என்று காட்டும். ஆனால் சி++ நிரலகம் தானாகப் பெறும் இடம் அதன் கணக்கில் வராது. டிரேஸ்மாலக் காட்டும் தொகைக்கும் உறைவிட அளவுக்கும் உள்ள இடைவெளி விரிந்துகொண்டே போனால், தேடல் சி அடுக்குக்கு இறங்க வேண்டும்.

7. சி அடுக்கு: வால்கிரிண்ட் சொல்வதும் சொல்லாததும்

சி அடுக்கில் உண்மையான கசிவு உண்டாகும் வழிகளுள் ஒன்று ஆர் மொழிக்கே உரியது. சி நிரல் நினைவகத்தைப் பெற்றபின், அதைத் திருப்பித் தரும் வரிக்கு முன்பாகவே ஆர் மொழியின் பிழைச் செயற்கூற்றை அழைத்தால், கட்டுப்பாடு நெடுந்தாவலாக மேலே சென்றுவிடும். திருப்பித் தரும் வரி ஒருபோதும் நிறைவேறாது. தவறான தரவு வரும்போது மட்டும் கசியும் சாதனங்களின் புதிர் பெரும்பாலும் இதில் அவிழும். கெய்ரோ வரைகலை நிரலகத்தைப் பயன்படுத்தும் சாதனங்களில், ஆக்கிய ஒவ்வொரு பரப்புக்கும் அழிக்கும் அழைப்பு ஒன்று இணையாக இருத்தல் வேண்டும்.

இவற்றைக் காட்டும் கருவி வால்கிரிண்ட். ஆர் மொழியை அதன் கண்காணிப்பில் இயக்கினால் வேகம் பத்து முதல் முப்பது மடங்குவரை குறையும் என்பதால், ஆயிரம் படங்களை அன்றி ஐந்து படங்களையும் பத்துப் படங்களையும் வரைந்து அறிக்கைகளை ஒப்பிடுவதே முறை. இரண்டிலும் மாறாத தொகை ஒருமுறைச் செலவு, இருமடங்காவது கசிவு. எழுத்துருவைத் தேடும் நிரலகங்கள் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு முதல்வகையில் வரும்.

வால்கிரிண்ட் 'உறுதியாகத் தொலைந்தது' என்பதையும் 'இன்னும் அடையத்தக்கது' என்பதையும் பிரித்துக் காட்டுகிறது. ஐந்தாம் பகுதியில் கண்ட 6.4 கிகாபைட்டில் ஒரு பைட்டும் தொலைந்ததன்று, அனைத்தும் அடையத்தக்கவையே. எனவே வால்கிரிண்ட் குறை காணாத நிரல் இரவில் நின்றுவிடுவதில் முரண் ஏதும் இல்லை.

8. பிரித்து இயக்குதலும் எதேச்சை எண்களும்

காரணம் பிறர் எழுதிய தொகுப்புக்குள் இருந்து, திருத்தம் உடனடியாகக் கிட்டாதபோது, ஆயிரம் படங்களை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து இருபது தனி நிரலோட்டங்களில் வரைவது ஏற்கத்தக்க வழி. ஓட்டம் முடிந்ததும் அது பற்றியிருந்த அனைத்தையும் இயக்க முறைமை மீட்டுக்கொள்ளும். ஆனால் இவ்வழி புள்ளியியல் நோக்கில் இடரற்றதன்று. மறுநிகழ்த்தலுக்காக நிரலின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரே விதை எண், இருபது ஓட்டங்களிலும் ஒரே எதேச்சைத் தொடரைத் தரும். அப்போது கிடைப்பவை ஆயிரம் மறுமாதிரிகள் அல்ல. ஐம்பது மறுமாதிரிகளின் இருபது படிகள். நம்பிக்கை இடைவெளியின் எல்லைகள் ஐம்பது மறுமாதிரிகளுக்குரிய நடுக்கத்துடனேயே இருக்கும். கோப்புகளின் எண்ணிக்கையோ ஆயிரம் என்றே காட்டும்.

ஆர் மொழியின் பேரலல் தொகுப்பு, லெகுயேர் முறையில் ஒன்றோடொன்று மேற்படியாத எதேச்சைத் தொடர்களை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வழங்குகிறது. நம்பை நிரலகத்தில் விதைத்தொடரைக் கிளைகளாகப் பிரிக்கும் வசதி 1.17ஆம் பதிப்பு முதல் உள்ளது. இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. மறுமாதிரிகளின் வரிசை எண்களை மட்டும் முதலில் ஒரே ஓட்டத்தில் எடுத்துக் கோப்பாக வைத்துவிட்டு, வரையும் ஓட்டங்கள் தத்தம் பங்கை அதிலிருந்து படிக்குமாறு செய்யலாம். பத்தாயிரம் வரிசைகள் கொண்ட தரவுக்கு ஆயிரம் மறுமாதிரிகளின் வரிசை எண்கள், எண்ணுக்கு 4 பைட்டு வீதம், 40 மெகாபைட்டுக்குள் அடங்கும். எந்தப் படம் எந்த மறுமாதிரியிலிருந்து வந்தது என்பதைப் பிறர் சரிபார்க்கவும் அக்கோப்பே பயன்படும்.